உப்பு மண்ணில் புல்தரை: ராமநாதபுரம் கரையோர வீடுகளுக்கான கேள்வி பதில்

மண்டபம், ராமநாதபுரம் வட்டாரங்களில் வீட்டுப் புல்தரைகளை நீண்ட காலமாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மலைப்பகுதிக்கும் காவிரிப் பாசன ஊர்களுக்கும் சொல்லப்படும் முறைகள் நம் கரையில் அப்படியே செல்லுபடியாகாது. இங்கே தண்ணீரில் உள்ள உப்பைப் பார்த்த பிறகுதான் உரத்தைப் பற்றியே பேச வேண்டும்.

கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா: ஐயா, மகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாசலில் 3 சென்ட் அளவுக்குப் புல்தரை போட்டுக் கொடுத்தான். ஒரு வருடம் நன்றாக இருந்தது. இப்போது நுனி கருகி, இடையிடையே மஞ்சளாகிறது. இரண்டு முறை யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் புல்லுக்கே விடுகிறோம்.

பதில்: அம்மா, நீங்கள் கடைசியாகச் சொன்ன தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் நல்ல நீரைப் பிரித்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் மீதி நீரில் சேர்த்து வெளியே தள்ளுகிறது. போர் தண்ணீரே கரிப்பாக இருக்கும் ஊரில், அதைவிட உப்புக் கூடிய நீரை நாள்தோறும் வேரில் ஊற்றி வந்திருக்கிறீர்கள். அந்த நீரைக் கழிவறைக்கும் வாசல் கழுவுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் மேல் போட்ட யூரியா ஏன் உதவவில்லை என்றால், எந்த ரசாயன உரமும் மண்ணில் கரைந்ததும் வேரைச் சுற்றியுள்ள நீரின் செறிவைக் கூட்டும். ஏற்கெனவே உப்பால் தண்ணீர் உறிஞ்ச முடியாமல் தவிக்கும் வேருக்கு அது மேலும் ஒரு சுமை.

முதலில் போர் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். ஆர்.ஓ. பழுது பார்க்க வருபவர்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரே (நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் கருவி) போதும். 500க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 2000ஐத் தாண்டினால் அருகம்புல் வகைகள் தாங்கும், மற்ற பல புற்கள் திணறும். பிறகு மண்ணில் தங்கிவிட்ட உப்பைக் கழுவி இறக்க வேண்டும். நம் மணல் தரையில் இது எளிது, ஏனெனில் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஒரு சென்ட் நிலத்தில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதற்கு ஆயிரம் லிட்டர் வேண்டும். தினமும் மாலையில் குழாயைப் பிடித்து மேலாக நனைப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு அந்த அளவை இரண்டு தவணையாகப் பிரித்து விடியற்காலையில் ஆழமாகப் பாய்ச்சுங்கள். மேலாக நனைக்கும் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும். உப்பு மட்டும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தால் மாடியில் சேமித்த மழைநீரைக் கொண்டு, இரண்டு மடங்கு பாய்ச்சினால் தங்கிய உப்பு வேருக்குக் கீழே போய்விடும்.

இலை நுனி கருகுவது உப்பின் அடையாளம். மஞ்சளுக்கு வேறு காரணமும் இருக்கலாம். அடியில் உள்ள பழைய இலைகள் முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு. புதிதாக வரும் குருத்திலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. நம் கரையோர மணலில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருப்பதால் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து, பொடித்து, தட்டில் பரப்பி, அரை மூடி எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து காதருகே வைத்துக் கேளுங்கள். சுர்ரென்ற ஒலியோடு சிறு குமிழ்கள் எழுந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியானால் 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 10 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் சாய்ந்த பின் இலைமேல் தெளியுங்கள். சில நாள்களில் பச்சை தெரியும். சிமென்ட் தரையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் துருக்கறை எளிதில் போகாது.

ராமநாதபுரம் நகரிலிருந்து: ஒரு சென்டுக்கு எவ்வளவு உரம் போடுவது? கடைக்காரர் டி.ஏ.பி.யைப் பரிந்துரைக்கிறார். தொழு உரம் மட்டும் போட்டால் போதாதா?

பதில்: டி.ஏ.பி.யில் 18 சதம் தழைச்சத்தும் 46 சதம் மணிச்சத்தும் (பாஸ்பேட்) இருக்கின்றன. மணிச்சத்து வேர் பிடிக்கும் காலத்தில் உதவும். வேரோடிவிட்ட புல்தரைக்கு ஆண்டு முழுதும் அதையே போடுவது வீண் செலவு. சுண்ணாம்பு மண்ணுக்கு நான் விரும்பிப் பரிந்துரைப்பது அம்மோனியம் சல்பேட். அது மண்ணின் காரத்தன்மையையும் சற்றுத் தணிக்கும். சென்டுக்கு ஒரு தவணைக்கு அரைக் கிலோ போதும். யூரியாதான் கிடைக்கிறது என்றால் 220 கிராம். இரண்டிலும் ஏறக்குறைய 100 கிராம் தழைச்சத்து கிடைக்கும். மணல் நிலம் சத்தைப் பிடித்து வைக்காது என்பதால், ஒரே நாளில் அள்ளிக் கொட்டுவதைவிட ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுப்பதே பலன் தரும். உரத்தை இரண்டு பங்கு மணலோடு கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காகவும் பாதியைத் தெற்கு வடக்காகவும் விசிறுங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள். காரமண்ணில் மேலாகக் கிடக்கும் யூரியாவும் அம்மோனியம் உரமும் ஆவியாகிக் காற்றோடு போய்விடும்.

சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷை ஆண்டுக்கு இரண்டு முறை, சென்டுக்கு 150 கிராம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உரமே போடாதீர்கள். நம் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அந்த நாள்களில்தான் பெய்கிறது. போட்டதெல்லாம் கரைந்து ஓடிவிடும். கரையோரத்தில் ஓடும் அந்த உரம் கடைசியில் மன்னார் வளைகுடாவிலோ பாக் விரிகுடாவிலோதான் சேரும். கடல்பசு மேயும் கடற்புல்லும் பவளப்பாறைகளும் உள்ள நீரில் நம் வீட்டு உரத்தைச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தொழு உரம் மிக நல்லது, ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் ஊர் ஆடுகள் சீமைக் கருவேலக் காய்களைத் தின்பவை. விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். மக்காத ஆட்டு எருவைப் போட்ட ஒரு தரையில், முதல் மழைக்குப் பிறகு இரண்டிரண்டு இலையாகக் கருவேலக் கன்றுகள் வரிசை கட்டி நின்றதை நானே குனிந்து எண்ணியிருக்கிறேன். ஒரு சதுர அடிக்கு ஏழு இருந்தன. குவித்து, நனைத்து, புரட்டி, உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறி இறங்கிய எருவையே சலித்து, 4 மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள்.

மண்டபத்திலிருந்து, ஓய்வு பெற்ற ஒருவர்: மாதம் ஒருமுறை ஆள் வந்து வெட்டுகிறார். வெட்டிய மறுநாளே தரை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

பதில்: ஒரு மாதம் வளர்ந்த புல்லில் பச்சை இலை மேல்நுனியில் மட்டுமே இருக்கும், அடியில் வெயில் படாமல் வெளுத்த தண்டுகள்தாம். அதை ஒரேயடியாக ஒட்ட வெட்டும்போது உணவு தயாரிக்கும் இலை முழுவதும் போய்விடுகிறது, வேரும் பின்வாங்குகிறது. எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அருகு, பெர்முடா வகைகளை 4 சென்டிமீட்டரில் வைக்க விரும்பினால், 6 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டிவிட வேண்டும். வளர்ச்சி நாள்களில் அது வாரம் ஒருமுறையாக வரும். அக்கினி நட்சத்திரத்திலும், கச்சான் காற்று ஓயாமல் வீசும் நாள்களிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுவையுங்கள்.

அடுத்து, வெட்டிய ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கத்தி கூராக இருந்தால் நுனி நேர்கோடாக இருக்கும். நுனி பிய்ந்து, வெள்ளை நாராகத் தொங்கினால், கத்தி மழுங்கிவிட்டது அல்லது நைலான் கயிறு சுழலும் மெஷினால் அடித்திருக்கிறார்கள். அந்த நார்தான் மறுநாள் காய்ந்து தரை முழுவதையும் வைக்கோல் நிறமாகக் காட்டுகிறது. கடற்காற்றில் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள். வாரந்தோறும் வெட்டும்போது விழும் சிறு துணுக்குகளைக் கூட்டி அள்ள வேண்டாம், அவை மக்கித் தழைச்சத்தாகத் திரும்பும். மாதக்கணக்கில் வளர்ந்த நீளமான வெட்டை மட்டும் அள்ளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: தென்னை மரங்களுக்கு அடியில் புல் வருவதே இல்லை.

பதில்: அருகுக்கு முழு வெயில் வேண்டும். நர்சரிகளில் பஃபலோ புல் என்று விற்கும் அகன்ற இலை வகையைப் போடுங்கள். அது அரை நிழலையும் உப்பையும் தாங்கும். அதை 6 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டாதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: அண்ணா, கோரையைப் பிடுங்கப் பிடுங்க இரண்டு மடங்காக வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: தம்பி, இரண்டு மடங்காக வருவது உண்மைதான். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லின் தண்டு அப்படி இருக்காது. ஒரு செடியை மட்டும் சிறு மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணை உதிர்த்துப் பாருங்கள். கறுத்த கிழங்குகள் மணி கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். மேற்செடியைப் பறித்தால், அதுவரை உறங்கிக் கிடந்த அடிக்கிழங்குகள் விழித்து முளைக்கும். அதற்காகப் பறிப்பதை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முளைப்பும் கிழங்கின் சேமிப்பைக் கரைப்பதால், இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பறித்து வந்தால் கிழங்கு ஓய்ந்துவிடும். ஒரு பருவம் முழுவதும் சலிக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடுவதில் பயனில்லை, கோரை முளை அதைத் துளைத்துக்கொண்டு வரும். ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்குகள் தரை முழுதும் பரவிவிடும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால், அடர்ந்து உயரமாக நிற்கும் புல்லே அதற்குச் சரியான எதிரி.

மருந்து கேட்டீர்கள். கிளைபோசேட் உங்கள் புல்லையும் சேர்த்தே கொன்றுவிடும். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் என்ற மருந்து இருக்கிறது. வேளாண் அலுவலரிடம் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்தக் கோரை பெரும்பாலும் தரை உயர்த்துவதற்காகக் கொண்டுவந்த கண்மாய் வண்டலோடுதான் வீட்டுக்குள் வருகிறது. அடுத்த லோடு இறக்கும் முன் ஒரு சட்டி மண்ணை நனைத்து இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

சாயல்குடி அருகிலிருந்து: நெருஞ்சி முள் பிள்ளைகளின் காலில் குத்துகிறது. 2,4-டி களைக்கொல்லி அடிக்கலாமா? பக்கத்தில் குண்டு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது.

பதில்: தயவுசெய்து அடிக்க வேண்டாம். அந்த மருந்தின் சாரல் காற்றில் போனாலே மிளகாய்ச் செடியின் இலை சுருண்டு, பூ கொட்டிவிடும். பக்கத்து வீட்டாரின் ஒரு வருட வருமானத்தை நம் வாசல் அழகுக்காகப் பணயம் வைக்க முடியாது. நெருஞ்சிக்கு ஒரே ஆணிவேர்தான். மஞ்சள் பூ தெரிந்ததும், காய் முற்றுவதற்குள், கழுத்துக்குக் கீழே சுரண்டி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உதிர்ந்த முட்களுக்கு, ஈரச் சாக்கைத் தரைமேல் அழுத்தி இழுத்தால் அதில் ஒட்டிக்கொண்டு வரும், சாக்கோடு எரித்துவிடுங்கள்.

பாம்பனிலிருந்து: புயல் நாளில் கடல்நீர் வாசலுக்குள் வந்துவிட்டது.

பதில்: நீர் வடிந்த அன்றே நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, ஆழமாகப் பாய்ச்சுங்கள். புது இலை வரும்வரை உரமும் வெட்டும் வேண்டாம்.

திருப்புல்லாணியிலிருந்து: புதிதாகப் போட நினைக்கிறோம். எந்தப் புல், எந்த மாதம்?

பதில்: இராமபிரான் தருப்பைப் புல்லில் சயனித்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊரிலிருந்து புல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அருகம்புல்லையே போடுங்கள். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவது அதன் வேரைக் கண்டறிந்தவர்கள் சொன்னது. தண்ணீர் மிகவும் கரிப்பாக இருந்தால் மட்டும் பாஸ்பாலம் என்ற கடற்கரைப் புல் வகையைத் தேடுங்கள். ஆவணிக் கடைசியில் தரையைச் சமன் செய்து, இரண்டு முறை நனைத்து, முளைக்கும் களையைப் பறித்துவிட்டு, புரட்டாசியில் நடுங்கள். கணு உள்ள துண்டுகளைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால், வரும் மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் மண் களியாக இருந்து தண்ணீர் தேங்கினால், நடுவதற்கு முன்பே ராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் கேட்டு, ஜிப்சம் தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் வெட்டுக்கு நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு கொடியை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், மண்ணைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வெட்டலாம்.