தொடர்ந்து தோற்கும் கால்பந்து டீமில் தப்பு கோச் மேலா, ஆடுகிற பசங்க மேலா?

கேள்வி கேட்டவர் தன் டீம் வரிசையாகத் தோற்கிறது, பாதிப் பேர் கோச்சை மாற்றச் சொல்கிறார்கள், மீதிப் பேர் லெஃப்ட் பேக் (இடது பக்கத் தடுப்பு) ஆடுகிற பையனை உட்கார வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் பெரும்பாலும் கோச்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வாங்கிய கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

கீப்பர் கையிலிருந்து பந்து நழுவுகிறது, பெனால்டி வெளியே போகிறது. இதெல்லாம் ஆடுகிறவனின் தவறு, இதற்காக ஒரு கோச்சைத் தூக்குவது அநியாயம். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் கீப்பர் காரியஸ் கையால் உருட்டிவிட்ட பந்து எதிர் டீம் ரியல் மாட்ரிட்டின் பென்சிமா காலில் பட்டு உள்ளே போனது, அதை எந்த கோச் தடுத்திருக்க முடியும்? அந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு காரியஸுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்கள், அதனால் ஒரு பையன் திடீரென்று சொதப்பினால் கத்துவதற்கு முன் அவனுக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள்.

ஒரே மாதிரி கோல் திரும்பத் திரும்ப விழுந்தால் கதை வேறு. காட்பாடி பக்கம் ஒரு டீமை (பெயர் வேண்டாம்) ஒரு சீசன் முழுக்கப் பார்த்தேன். லெஃப்ட் பேக்கை மேலே ஏறி ஆடச் சொன்னது கோச்தான். அவன் ஏறிப் போவான், பந்து பறிபோகும், காலியான இடத்தில் எதிர் டீம் விங்கர் (ஓரத்தில் ஓடி ஆடுகிறவன்) நுழைவான், நடுவில் தடுக்கிற ஸ்டாப்பர் அவனை மறிக்க வெளியே வருவான், செகண்ட் போஸ்டில் (கோலின் அந்தக் கோடியில்) ஒருத்தன் தனியாக நின்று தட்டிவிடுவான். லைனில் நின்று "திரும்பி ஓடுடா டேய்!" என்று சத்தம் போடுவார் கோச். ஒரு நாள் ஹாஃப் டைமில் அந்தப் பையனே கேட்டுவிட்டான், "சார், நான் மேல போனா என் இடத்துல யார் நிக்கணும்?" அவர் சொன்னது, "முதல்ல நீ ஒழுங்கா ஓடு." அடுத்த ஆட்டத்தில் அவனை உட்கார வைத்து வேறு பையனை இறக்கினார், அதே பக்கத்திலிருந்து அதே கோல். மிட்ஃபீல்டில் ஒருவன் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், அதை பிராக்டிஸில் பழக்கியிருந்தால் போதும். பழக்கவே இல்லை.

நம்ம வேலூர் வெயிலில் கிரவுண்டு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காய்ந்து இறுகிய மண்ணில் பந்து முழங்கால் உயரத்துக்கு எகிறும். டிவியில் பார்த்ததை வைத்து அங்கே கீப்பரிடமிருந்தே குட்டி குட்டி பாஸாக ஆடச் சொல்லிவிட்டு, ஃபர்ஸ்ட் டச் (வருகிற பந்தை முதலில் அடக்குவது) சரியில்லை என்று பசங்களைத் திட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

சென்னையின் எஃப்சியைப் பாருங்கள். 2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன், அடுத்த சீசனில் வெறும் 9 புள்ளியோடு கடைசி இடம். அப்போதும் கோச் ஜான் கிரிகரியை வைத்துக்கொண்டார்கள், 2019-20 தொடக்கத்திலும் தடுமாற்றம்தான், நவம்பரில் அவர் விலகினார். பிறகு வந்த ஓவன் கோய்ல், ஏறக்குறைய அதே ஆட்களை வைத்து டீமை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். அதில் கொல்கத்தா டீம் ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றது வேறு விஷயம். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் கிரிகரி காலத்திலேயே டீமில் இருந்தவர்தான்.

அதற்காக உங்கள் கோச்சை நாளைக்கே அனுப்பிவிடச் சொல்லவில்லை. ஊர் டீம்களில் கோச் பலர் சம்பளமே இல்லாமல் சாயங்காலம் வேலை முடித்து வந்து நிற்கிறவர்கள், அந்த மரியாதையைக் கொடுத்தே பேசுங்கள். 2014 உலகக் கோப்பையில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்ற அன்று பிரேசில் கோச் ஸ்கோலாரி பொறுப்பு தன்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அளவுக்குக்கூட வேண்டாம். லெஃப்ட் பேக்கை அப்படியே ஆடவிட்டு, கடைசியாக வாங்கிய நாலைந்து கோல்களைப் பற்றி கோச்சோடு உட்கார்ந்து பேசுங்கள். "இந்த இடத்தில் யார் நின்றிருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தால், அது பிராக்டிஸில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு சீசன் முடியும்வரை விடுங்கள். "பசங்க சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்பது மட்டும்தான் பதில் என்றால் வேறு ஆளைத் தேட ஆரம்பியுங்கள்.