இடது தோள் வலித்தால் இதயமா?

கேள்வி: வயது 54. பத்து வருடமாகச் சர்க்கரை. பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். நான்கு மாதமாக இடது தோளில் வலி. தலை பின்ன முடியவில்லை, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடுகிறது. தோளை அசைத்தால் டக் டக்கென்று சத்தம். இணையத்தில் மாரடைப்பின் அறிகுறி என்று போட்டிருக்கிறது. இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன், நார்மல். கழுத்து எலும்புத் தேய்மானமோ, வாயுப் பிடிப்போ என்றும் குழப்பம். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் காலையும் இரவும் போட்டுச் சமாளிக்கிறேன். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் விவரித்திருப்பது இதய வலி போல் இல்லை. இதை ஈசிஜியை நம்பிச் சொல்லவில்லை. படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி, ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கும் நார்மலாக வருவதுண்டு. தலை பின்ன முடியவில்லை என்றீர்களே, எனக்கு அதுதான் ஆதாரம். கையை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதய வலி கூடுவதோ குறைவதோ இல்லை.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி வையுங்கள். வேறொருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். வலது கை தாராளமாகத் திரும்பும். இடது கை பாதியிலேயே இறுகி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர். தசைநார் கிழிந்திருந்தால் உங்களால் தூக்க முடியாத கையை அடுத்தவர் தூக்கிவிட முடியும். இதில் அவராலும் முடியாது. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, துவைத்துச் சுருங்கிய சட்டை போல மூட்டை இறுக்கிவிடுவதுதான் காரணம். 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது.

சத்தத்தை மறந்துவிடுங்கள், வலியில்லாத தோளிலும் அது கேட்கும். கழுத்துத் தேய்மானம் உங்கள் வயதில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். தேய்மானத்தால் தோள் மூட்டு இறுகாது. வாயு தோள் மூட்டுக்குள் போய் உட்காராது.

நீங்கள் பயப்பட வேண்டிய வலி வேறு மாதிரி வரும். கையைச் சும்மா தொங்கவிட்டபடி மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தோள், கையின் உட்புறம், தாடை, நெஞ்சு இவற்றில் ஏதாவது ஓரிடத்தில் அழுத்தம் தோன்றி, நின்றதும் சில நிமிடங்களில் அடங்கினால், அந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே அப்படி வந்து கால் மணி நேரம் ஆகியும் விடவில்லை, அல்லது கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் என்றால் உடனே 108. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையுமாக மாரடைப்பு வரலாம். 'கேஸ்தான், சோடா குடித்தால் போகும்' என்று அப்போது உட்கார்ந்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது தோள் அல்ல, அந்த மாத்திரை. மாரடைப்புக்குப் பயந்துகொண்டே, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் மருந்தை தினமும் இரண்டு வேளை விழுங்குகிறீர்கள்! இதய நோய் இருப்பவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013லேயே சொல்லிவிட்டது. அது பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். சர்க்கரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்த இடத்தில் சிறுநீரகத்தை முதலில் பதம் பார்க்கும். இன்றோடு நிறுத்திவிட்டு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கல்லீரல் கோளாறு இல்லையென்றால், வலிக்கு 650 மில்லிகிராம் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கூடவே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, தோளுக்கு ஒரு எக்ஸ்ரே. எம்ஆர்ஐ இப்போது தேவையில்லை.

பிறகு எலும்பு மருத்துவரிடம் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். வலி தூக்கலாக இருக்கும் முதல் சில மாதங்களில்தான் அதற்குப் பலன் அதிகம். நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். ஸ்டீராய்டு என்றதும் அலற வேண்டாம். ஆனால் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்வரை, சர்க்கரை நன்றாக ஏறும். வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடுபவரிடம் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தளரத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக, இரு திசையிலும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள். அடுத்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி ஒரு கம்பை இரு கையாலும் பிடித்து, வலது கையால் தள்ளி இடது கையை வெளிப்பக்கம் திருப்பி ஐந்து விநாடி நிறுத்துங்கள், பத்து முறை. சுவரில் விரல்களால் ஏறுவதை மட்டுமே எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் முதலில் பறிபோவது இந்த வெளித்திருப்பம்தான். நாளுக்கு இரண்டு வேளை போதும். அன்றிரவு வலி கூடித் தூக்கம் கெட்டால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். சுளுக்கு எடுக்கிறேன், இழுத்துவிடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வலிக்கும் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் வலியும் இறுக்கமும் கூடும், எலும்புகூட முறியலாம்.

முழுதாகச் சரியாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் இழுக்கலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் கை ஒரு விரற்கடை கூடுதலாகத் திரும்பவில்லை என்றால், உப்புநீர் செலுத்தி உறையை விரிக்கும் முறை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுங்கள். சிலருக்குச் சில வருடங்களில் மறு தோளிலும் இது வரும். அப்படி வந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் முதல் மாதமே மருத்துவரிடம் வாருங்கள்.