டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கற ஸ்கிரீன்ல, எழுத்தெல்லாம் கோடு கோடா வருது, ரீபூட் பண்ணாம சரி பண்ண முடியுமா?

முடியும். நீங்களும் என்ன மாதிரி ஏதோ பைனரி ஃபைல, அதாவது மனுஷன் படிக்கற எழுத்தா இல்லாத ஃபைல, உள்ள இருக்கறத அப்படியே ஸ்கிரீன்ல கொட்டற கேட் கமாண்ட்ல தொறந்திருப்பீங்க. மொதல்ல ஒரு எண்டர், அப்புறம் ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு பாக்காம ரீசெட்னு இங்கிலீஷ்ல அடிச்சு இன்னொரு எண்டர். எண்டருக்கு அசையலன்னா அதுக்குப் பதிலா கண்ட்ரோல் ஜே. பதில் அவ்ளோதான், மிச்சம் என் வயித்தெரிச்சல்.

வேலைக்கு சேந்த புதுசு, நைட் ஷிஃப்ட். சர்வர் ரூம் கன்சோல்ல, அதாவது சர்வரோட சொந்த ஸ்கிரீன்ல, ஒரு பெரிய ஃபைல் காப்பி 9 மணி நேரமா பேக்கிரவுண்ட்ல ஓடிட்டு இருக்கு, நான் தூக்கக் கலக்கத்துல ஜிஜிப்ல சுருக்கி வெச்ச லாக் ஃபைல, விரிச்சுக் காட்டற இசட்கேட்டுக்கு பதிலா வெறும் கேட் போட்டுட்டேன். பீப் பீப்னு கத்தி அடங்கினப்போ பிராம்ப்ட்ல, அதான் கமாண்ட் அடிக்கற வரில, கேப்பிடல் எழுத்து மட்டும் ஒழுங்கா இருக்கு, சின்ன எழுத்தெல்லாம் கோடும் பொட்டியுமா நிக்குது. சீனியருக்கு போன் போட்டா "பவர் பட்டன அமுக்குடா"ங்கறார்! 9 மணி நேரம் சார்.

மெஷினுக்கு ஒண்ணுமே ஆகலங்க. குப்பைல 14ங்கற ஒரு பைட் வந்தாலே லினக்ஸ் கன்சோல் கோடு போடற எழுத்துக்கு மாறிடும், 1978ல வந்த விடி100 டெர்மினல் விட்டுட்டுப் போன பழக்கம் அது. ரீசெட் அடிச்சேன், கேக்கல. ஏன்னா அதே குப்பைல டெர்மினல பாத்து "நீ யாரு"ன்னு ஒரு கேள்வி இருந்திருக்கு, அது சொன்ன பதில் 6சின்னு பிராம்ப்ட்ல ஒட்டிக்கிட்டு 6சிரீசெட்னு ஒரு கமாண்டா போயிருக்கு. மொதல்ல எண்டர்னு சொன்னது அதுக்குத்தான். ரெண்டாவது தடவ ஒரு செகண்ட் தயங்கிட்டு பளிச்னு வந்துச்சு, காப்பியும் ஓடிட்டேதான் இருந்துச்சு.

ஆல்ட் எஃப்2 அழுத்தி வேற கன்சோல் போயிருக்கலாமேன்னு கெளம்பி வராதீங்க, அன்னைக்கு அது எனக்குத் தெரியாது, போனாலும் இது கோணலாத்தான் கெடக்கும். கிளியர் கமாண்ட் போதுமேங்கறவங்களுக்கு, அது ஸ்கிரீன தொடைக்கும், அவ்ளோதான். டிபுட் இனிட்ங்கற கமாண்ட் டெர்மினலோட ஆரம்ப செட்டிங்க அனுப்பும், ஆனா பாஸ்வேர்ட் கேக்கற புரோகிராம் பாதில செத்து, அடிக்கறது கண்ணுக்கே தெரியலன்னா அதவிட, கீபோர்ட்ல அடிக்கறத வாங்கற செட்டிங்க சரி பண்ற எஸ்டிடிஒய் சேன் கமாண்ட்தான் நம்பிக்கை. ரீசெட் ஸ்கிரீன், கீபோர்ட்னு ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கும்.

எங்க வீட்டு நெட்காரனும் இதே ஜாதிதான், தெருவுல கேபிள் அறுந்து தொங்குதுன்னு சொல்றேன், "ரவுட்டர ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"ங்கறான்.