மலையில் பறக்கும் பந்து

கேள்வி: 14 வயது மகன் டென்னிஸ் ஆடுகிறான். இங்கே அவன் சர்வீஸை எடுக்க ஆளில்லை; கோவைக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்கிறான். சர்வீஸில் இன்னும் வேகம் வேண்டும் என்கிறேன். பயிற்சியாளரோ எண்பதுகளின் இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பார்க்கச் சொல்கிறார். அந்தக் காலமெல்லாம் போய்விட்டதே?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் பையனின் வேகத்தில் ஒரு பங்கு மலை கொடுத்தது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்து தடையின்றிப் பறக்கும், அதிகம் எகிறும். வெளியே போய்விடுமே என்று பையன் தன்னையறியாமல் வீச்சைச் சுருக்கிக்கொள்கிறான். அதே அடி கோவையில், வலைக்கும் பின்கோட்டுக்கும் நடுவே உள்ள சர்வீஸ் கோட்டருகே விழுகிறது. எதிராளி முன்னால் வந்து முடித்துவிடுகிறான். தோல்வி அங்கேதான், சர்வீஸில் இல்லை.

ரமேஷின் சர்வீஸைக் கண்டு யாரும் பயந்ததில்லை. ஆனாலும் 1979இல் ஜூனியர் விம்பிள்டன், 1985இல் உலகத் தரவரிசையில் 23ஆம் இடம். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்டில் வென்றார். பந்து எழும்போதே எடுப்பார். மட்டையை அதிகம் பின்னால் இழுக்கமாட்டார். எதிராளியின் வேகத்தையே வாங்கி, பேஸ்லைன் எனும் பின்கோட்டின் பக்கம் ஆழமாகத் திருப்புவார். கிராண்ட்ஸ்லாம் காலிறுதியை மூன்று முறை எட்டியும் அவர் அதைத் தாண்டவில்லை. மெல்லிய சர்வீஸும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எனவே சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஆழம், பிறகு வேகம்.

முதலில் பந்தைச் சோதியுங்கள். சுவரில் 254 செ.மீ. உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, 147இல் இன்னொன்று. மேல்கோட்டிலிருந்து சிமெண்ட் தரையில் பந்தை விடுங்கள். கீழ்க்கோட்டைத் தாண்டி எழும்பினால் அந்தப் பந்தில் பயிற்சி வேண்டாம். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே குறைவாக எகிறும் உயர்மலைப் பந்துகளை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அங்கீகரித்திருக்கிறது. அவை கிடைக்காவிட்டால், டப்பா திறந்து சில நாள் ஆகி, கொஞ்சம் காற்று இறங்கிய பந்து போதும்.

மட்டையின் ஸ்டிரிங்கை மலையில் 2 பவுண்டு இழுவிசை கூட்டிக் கட்டுங்கள், கோவைக்கு இறங்கும்போது அதைக் குறையுங்கள். போட்டிக்கு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள். சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் நடுவே 5.49 மீட்டர்; அதன் பாதியில் ஒரு கயிறு போட்டு, 20 பந்தில் குறைந்தது 12 பந்து கயிற்றைத் தாண்டி விழும்வரை சர்வீஸைத் தொடவே வேண்டாம். வலைக்கு மேல் ஒரு மீட்டர் தூக்கி அடித்தால் கோவையில் பந்து வெளியே போகாது. பையன் அதை நம்பவே இரண்டு நாள் பிடிக்கும்.