எம்விசி ரூட்டிங், பக்க அனுமதி: கேள்வி பதில்

மைக்ரோசாஃப்டின் வெப் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட்நெட் கோர் எம்விசியில் (கீழே சுருக்கமாக 'கோர்') ஒரு யூஆர்எல் எந்தப் பக்கத்துக்குப் போகிறது, அந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பது பற்றி வந்த கேள்விகள் இவை. சிலர் இன்னும் பழைய எம்விசி 5-இல் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பதில் உண்டு.

அண்ணா, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ப்ராஜெக்ட் முழுக்க ஒரே ஒரு ரூட்தான் (முகவரியைப் பக்கத்தோடு இணைக்கும் விதி) எழுதியிருக்கிறார்கள். அது எப்படி இத்தனை பக்கத்துக்கும் போதும்?

அது ஒரு அச்சு மாதிரி: கன்ட்ரோலர் (கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்), அதிலுள்ள மெத்தடான ஆக்‌ஷன், ஐடி. '/பில்/விவரம்/1042' என்று வந்தால் பில் கன்ட்ரோலரில் 'விவரம்' என்ற மெத்தடைக் கூப்பிட்டு 1042-ஐக் கையில் கொடுக்கும். துண்டுகள் எதுவும் இல்லாமல் வந்தால் ஹோம், இண்டெக்ஸ் என்று வைத்துக்கொள்ளும். ரூட்டை எழுதும்போது ஐடிக்குப் பின்னால் போடும் கேள்விக்குறிக்கு 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்று பொருள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கன்ட்ரோலரில் இருக்கும் பப்ளிக் மெத்தட் ஒவ்வொன்றும் ஆக்‌ஷன்தான். உள்வேலைக்காக 'கணக்கைத் திருத்து' என்று ஒரு மெத்தட் எழுதி பப்ளிக்காக விட்டால், அந்தப் பெயரை பிரவுசரில் அடித்து யாரும் அதை ஓட்டலாம். பிரைவேட் ஆக்குங்கள். முடியாவிட்டால் 'நான்ஆக்‌ஷன்' அட்ரிபியூட் (மெத்தட் அல்லது கிளாஸ் மேல் எழுதும் குறிப்பு) போடுங்கள்.

ஒரு ஆக்‌ஷனுக்கு மட்டும் அழகான முகவரி வேண்டும் என்று 'ரூட்' அட்ரிபியூட் போட்டேன். புது முகவரி வேலை செய்கிறது, பழையது 404 (பக்கம் இல்லை). ஏன்?

அட்ரிபியூட் போட்ட ஆக்‌ஷன், பொது ரூட்டிலிருந்து விலகிவிடும். இரண்டிலும் இருக்க முடியாது. பழைய முகவரியும் தேவையென்றால் இன்னொரு 'ரூட்' அட்ரிபியூட்டில் அதையும் எழுதுங்கள். ஒரே ஆக்‌ஷனுக்கு எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கன்ட்ரோலர் மேலேயும் 'ரூட்' இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட வேண்டாம் என்றால் ஆக்‌ஷன் ரூட்டைச் சாய்கோட்டில் தொடங்குங்கள்.

சார், எங்களுடையது எம்விசி 5. வெப்.கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைலில் லொகேஷன் டேக் போட்டு 'அட்மின்/ரிப்போர்ட்' என்ற பாதைக்கு அட்மின் மட்டும் என்று வைத்திருக்கிறோம். எம்விசிக்கு முந்தைய வெப் ஃபார்ம்ஸ் காலத்திலிருந்து இப்படித்தான். ஆடிட்டில் இது தப்பு என்கிறார்கள்.

ஆடிட்காரர் சொல்வது சரி. வெப் ஃபார்ம்ஸில் ஒரு முகவரி என்றால் டிஸ்க்கில் ஒரு ஃபைல், அதனால் பாதையைப் பூட்டினால் பக்கமும் பூட்டிக்கொண்டது. எம்விசியில் அந்த உறவு கிடையாது. ஒரே ஆக்‌ஷனுக்கு நான்கு முகவரி இருக்கலாம். நாளைக்கு உங்கள் டீமில் ஒருவர் 'மாத-அறிக்கை' என்று புது ரூட் ஒன்றை அதே ரிப்போர்ட் ஆக்‌ஷனுக்கு எழுதுவார். லொகேஷன் டேக்குக்கு அது தெரியாது, புது முகவரியில் வருகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். தெருவை மறித்துவிட்டு வீட்டுக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

பூட்டு ஆக்‌ஷன் மேல் இருக்க வேண்டும், அல்லது கன்ட்ரோலர் மேல். எந்த வழியில் வந்தாலும் 'ஆதரைஸ்' அட்ரிபியூட்டைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். அதிலும் நான் சொல்வது, எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தேவையானதைத் திறப்பது. எம்விசி 5-இல் 'ஆதரைஸ்'ஸை எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும் குளோபல் ஃபில்டராகச் சேர்த்துவிட்டு, லாகின் போன்ற பக்கங்களுக்கு மட்டும் லாகின் இல்லாமலே உள்ளே விடும் 'அலோஅனானிமஸ்' கொடுங்கள். கோரில் இதற்கு 'ஃபால்பேக் பாலிசி' இருக்கிறது: அனுமதி பற்றி எதுவுமே எழுதாத ஆக்‌ஷனுக்கு அந்தப் பாலிசி பொருந்தும். அதில் லாகின் கட்டாயம் என்று வைத்தால், புதிதாக வந்தவர் அட்ரிபியூட் போட மறந்தாலும் லாகின் ஆகாதவருக்குப் பக்கம் மூடியே இருக்கும். எல்லாருக்கும் திறக்க வேண்டிய பக்கத்தில் 'அலோஅனானிமஸ்' போட மறந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும், ஏனென்றால் லாகின் இல்லாமல் அது திறக்காது.

அப்புறம், ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை நேராக அனுப்பும் 'யூஸ்ஸ்டேட்டிக்ஃபைல்ஸ்' வழக்கமாக அனுமதிச் சோதனைக்கு முன்னாலேயே ஓடிவிடும். சம்பளச் சீட்டு பிடிஎஃப்களை வெப்ரூட் ஃபோல்டருக்குள் போட்டால் எந்த பாலிசியும் காப்பாற்றாது. வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்து ஆக்‌ஷன் வழியாக அனுப்புங்கள்.

கோரில் லாகின் ஆகிறது, ஆனால் உடனே மறுபடி லாகின் பக்கத்துக்கே தள்ளுகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்த லாகின் பக்கத்தின் மேல் மூலையில் என் பெயர் தெரிகிறது!

பெயர் தெரிகிறது என்று எழுதியது நல்லதாகப் போயிற்று, நோய் அதிலேயே தெரிகிறது. உங்கள் கோடில் அனுமதி பார்க்கும் 'யூஸ்ஆதரைசேஷன்' முன்னாலும், ஆள் யார் என்று பார்க்கும் 'யூஸ்ஆதென்டிகேஷன்' பின்னாலும் இருக்கிறது. அனுமதி கேட்கும் நேரத்தில் குக்கீயை இன்னும் யாரும் படிக்கவில்லை, அதனால் நீங்கள் யாரோ. லாகின் பக்கத்துக்கு அனுமதி தேவையில்லை என்பதால் அங்கே சோதனையைத் தாண்டிவிடுகிறீர்கள், அதற்குப் பிறகு குக்கீ படிக்கப்படுகிறது, பெயர் வந்துவிடுகிறது.

வரிசை இது: ரூட்டிங், ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன், கடைசியில் கன்ட்ரோலர் மேப்பிங். எந்த ஆக்‌ஷன் என்று ரூட்டிங் கண்டுபிடித்த பிறகுதான் அதன் மேல் என்ன அட்ரிபியூட் இருக்கிறது என்று ஆதரைசேஷன் பார்க்க முடியும்.

'ஆதரைஸ்' அட்ரிபியூட்டின் ரோல்ஸில் 'அட்மின், மேனேஜர்' என்று கமா போட்டால் இரண்டும் இருக்க வேண்டுமா, ஒன்று போதுமா?

ஒன்று போதும். இரண்டும் வேண்டுமென்றால் 'ஆதரைஸ்' அட்ரிபியூட்டை இரண்டு முறை தனித்தனியாகப் போடுங்கள். இதோடு சேர்த்து: கன்ட்ரோலர் மேல் 'அலோஅனானிமஸ்' போட்டுவிட்டு, உள்ளே ஒரு ஆக்‌ஷனுக்கு மட்டும் 'ஆதரைஸ்' போட்டால் அது எடுபடாது. 'அலோஅனானிமஸ்'தான் ஜெயிக்கும். பார்த்தால் பூட்டியிருப்பது போலவே இருக்கும், அதனால் கோட் ரிவ்யூவில் சுலபமாகத் தப்பிவிடும்.

எல்லா ஆக்‌ஷனுக்கும் 'ஆதரைஸ்' போட்டாயிற்று. ஆனால் டெஸ்டர் முகவரியில் 1042-ஐ 1043 ஆக்கி அடுத்தவர் பில்லைப் பார்த்துவிட்டார். இதற்கு எந்த அட்ரிபியூட்?

எந்த அட்ரிபியூட்டும் தனியாக இதைத் தீர்க்காது. 'ஆதரைஸ்'ஸுக்கு நீங்கள் லாகின் ஆனவர் என்று தெரியும், 1043 யாருடையது என்று தெரியாது. அது டேட்டாபேஸில் இருக்கிறது. வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021-இல் வெளியிட்ட முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் அனுமதிக் கோளாறு முதலிடத்துக்கு வந்தது, 2017-இல் ஐந்தாவதாக இருந்தது. இந்த பில் விவகாரம் அந்த வகையில்தான் சேரும்.

முதல் வழி, எடுக்கும்போதே வடிகட்டுவது. ஐடி 1043 ஆக இருக்க வேண்டும், உரிமையாளர் லாகின் ஆனவராகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே குவெரியில் கேளுங்கள். வரவில்லையா, 404 அனுப்புங்கள். 403 (அனுமதி இல்லை) அனுப்பினால் 'அப்படி ஒரு பில் இருக்கிறது, உனக்கில்லை' என்று சொன்னதாகிவிடும்.

விதி கொஞ்சம் சிக்கலாக இருந்தால், உதாரணமாக பில்லின் சொந்தக்காரர் பார்க்கலாம், அதே கிளையின் மேனேஜர் பார்க்கலாம், மாதக் கணக்கு முடித்த பிறகு யாரும் திருத்தக் கூடாது என்றெல்லாம் இருந்தால், 'ஐஆதரைசேஷன்சர்வீஸ்' பயன்படுத்துங்கள். பில்லை எடுத்த பிறகு ஆக்‌ஷனுக்குள்ளேயே பயனர், பில், பாலிசி பெயர் மூன்றையும் கொடுத்துக் கேட்கலாம். விதி ஒரு ஹேண்ட்லரில் இருக்கும், பார், திருத்து, அச்சிடு என்று எங்கிருந்தும் அதையே கேட்கலாம்.

எண்ணுக்குப் பதில் ஜியூஐடி என்ற நீளமான தனித்த அடையாளம் வைத்தால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஊகிப்பது கடினம், அவ்வளவுதான். லிங்க்கை ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பினால் முடிந்தது. மெனுவில் லிங்க்கை மறைப்பதும் இதே ரகம்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் மூலம் டேட்டா எடுக்கிறேன். செஷன் முடிந்தால் ஜேசனுக்குப் பதில் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வருகிறது.

குக்கீ ஹேண்ட்லர் உங்களை பிரவுசர் பக்கம் என்று நினைத்து 302 என்ற திருப்பிவிடும் பதிலோடு லாகினுக்கு அனுப்புகிறது, ஃபெட்ச் அதைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது. 'எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்' ஹெடரில் 'எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்' என்று அனுப்பினால் 401 (லாகின் தேவை) வரும். பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஜேக்வெரி இதைத் தானே அனுப்பியது, ஃபெட்ச் அனுப்பாது. அதனால்தான் பழைய கோடை மாற்றிய பிறகு இது முளைக்கிறது.

ஒருவரை அட்மின் ரோலிலிருந்து எடுத்துவிட்டோம். இன்னும் அட்மின் பக்கத்தில் உலாவுகிறார்.

ரோல் அவருடைய குக்கீக்குள் இருக்கிறது. கோரின் பயனர் கணக்கு வசதியான ஐடென்டிட்டி பயன்படுத்தினால் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்த்துப் புதுப்பிக்கும், அந்த இடைவெளியை செட்டிங்கில் குறைக்கலாம். வெறும் குக்கீ மட்டும் என்றால் அந்தச் சரிபார்ப்பே கிடையாது. குக்கீயின் ஆயுள் இயல்பாக 14 நாள், வந்து போய்க்கொண்டிருந்தால் அதுவும் நீளும். அப்போது 'ஆன்வேலிடேட்பிரின்சிபல்' நிகழ்வில் நீங்களே டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும்.

முகவரியில் தமிழ் வைக்கலாமா? '/கட்டுரை/மழைநீர்' மாதிரி?

வைக்கலாம், ரூட்டிங்குக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ரூட்டில் 'ஆல்ஃபா' கட்டுப்பாடு போடாதீர்கள், அது ஆங்கில எழுத்து மட்டுமே ஏற்கும், தமிழுக்கு 404 தரும். இன்னொரு தொல்லை நீளம். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள், யூடிஎஃப்-8-இல் 15 பைட், முகவரியைக் காப்பி செய்து ஒட்டும்போது சதவீதக் குறியோடு 45 எழுத்தாகிவிடும். நான் '/கட்டுரை/57/மழைநீர்' என்று வைப்பேன். தேடுவது 57-ஐ வைத்து, பின்னால் வரும் சொல் படிப்பவருக்கு. லிங்க் பாதியில் அறுந்தாலும் பக்கம் திறக்கும்.

'பட்டியல்அசிங்க்' என்று ஆக்‌ஷன் பெயர். அதே பெயரில் முகவரி அடித்தால் 404.

கோர் 3.0-இலிருந்து கடைசியில் வரும் 'அசிங்க்'கை வெட்டிவிட்டுத்தான் ஆக்‌ஷன் பெயரை எடுத்துக்கொள்கிறது. முகவரியில் 'பட்டியல்அசிங்க்' இருக்கும் இடத்தில் 'பட்டியல்' என்று அடித்துப் பாருங்கள். வெட்ட வேண்டாம் என்றால் எம்விசி ஆப்ஷன்ஸில் 'சப்ரஸ்அசிங்க்சஃபிக்ஸ்இன்ஆக்‌ஷன்நேம்ஸ்'ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள்.