காலைல என்ன கண்டீங்க? வாசகர் கேள்வி, என் பதில்

போன இதழ்ல எங்க பறவை பாக்குற கூட்டத்தோட காலை நேரத்துப் பேச்சப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு குமரி மாவட்டத்துல இருந்தே நிறைய கேள்வி வந்திருக்கு. அதனால இந்தத் தடவ வேற எதுவும் எடுக்கல, இது மட்டுந்தான்.

அக்கா, மூணு மாசம் முன்னால பறவை பாக்குறவங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணுல சேந்தேன். காலைல அஞ்சரைக்கே எல்லாரும் வந்துருவாவ. ஒருத்தர் மணக்குடில பூநாரைன்னு போடுவாரு, இன்னொருத்தர் பேச்சிப்பாறைல இருவாச்சின்னு போடுவாரு. எங்க புரையிடத்துல காக்கா, மைனா, செம்போத்து விட்டா வேற ஒண்ணும் இல்ல. இத எழுத வெட்கமா இருக்கு, இதுவரை ஒரு மெசேஜ் கூட போடல. வெளிய வந்துரலாமா?
வாசகி, தக்கலை

வெளிய வராதீங்கம்மா. உங்கள மாதிரி சும்மா வாசிச்சுட்டே இருக்கவங்க எங்க குரூப்புலயும் பாதிப் பேரு இருக்காவ, அவங்கள நெனச்சுதான் இதக் கொஞ்சம் நீட்டி எழுதுதேன்.

எங்க குரூப்புல விடிஞ்சா முதல்ல வாறது பறக்கைல இருந்து ஒரு அண்ணாச்சி. வயலுக்குப் போற வழில வரப்புல நின்னுட்டே போடுவாரு, "மடையான் 11, உண்ணிக்கொக்கு 30க்கு மேல, மீன்கொத்தி 1, மழை இல்ல." அவ்வளவுதான். பின்ன நைட் டூட்டி முடிச்சு பஸ்ஸுக்கு நிக்குற ஒரு நர்ஸ் தங்கச்சி, "செம்பருந்து 4, மீன் ஏலம் போடுற இடத்துக்கு மேல சுத்துது"ன்னு போடும். அதுக்குக் கீழ சாயா குடிச்சாச்சா, இஞ்ச கட்டஞ்சாயாதான் பால்காரர் இன்னும் வரல, மூட்டு வலி எப்படி இருக்கு, மோனுக்கு பரீட்சை முடிஞ்சுதான்னு பேச்சு ஓடும், ஓடிட்டு இருக்கும்போதே ஒருத்தர் "ஒரு நிமிஷம், குக்குறுவான் கத்துது"ன்னு குரல் பதிவு போடுவாரு, எல்லாரும் அதக் கேப்போம். ஏழு மணிக்கு அவங்கவங்க வேலைக்குப் போயிருவோம். பூநாரை வந்த நாளு வருஷத்துல விரல் விட்டு எண்ணிரலாம், மிச்ச நாளெல்லாம் மடையானும் மைனாவுந்தான். குரூப்ப தாங்கி நிக்கது அந்த மிச்ச நாளுதான்.

இனி உங்க காக்காவுக்கு வாறேன். உங்க முற்றத்துக்கு வாறது கழுத்து சாம்பலா இருக்க வீட்டுக் காக்காவா, முழுக்கக் கறுப்பா மூக்கு தடிச்ச அண்டங்காக்காவா? ரெண்டும் வருதுன்னா எது முதல்ல இறங்குது? அது எந்த மாசத்துல சுள்ளி தூக்குது, அப்பம் குயிலு எந்தப் பக்கம் இருந்து கூவுது? குயிலு காக்கா கூட்டுலதான் முட்ட போடும், அதனால ரெண்டுக்கும் உள்ள சண்ட உங்க மாமரத்துலயே நடக்கும். இத ஒரு வருஷம் எழுதிப் பாருங்க, நாங்க எல்லாரும் உக்காந்து வாசிப்போம்.

சாதாரணப் பறவை எழுதி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டியன்னா, 2023ல இந்தியாவுல பறவைகளோட நிலை என்னன்னு ஒரு பெரிய அறிக்கை வந்துது, 942 இனங்களப் பத்தி. அதுக்கு அடிப்படையே 30,000க்கு மேற்பட்ட பறவை பாக்குறவங்க ஈபேர்ட்ங்கற பறவைப் பதிவு இணையதளத்துல போட்டு வச்ச சுமார் 3 கோடி பதிவுதான். அதுல ரொம்பப் பேரு ஆராய்ச்சி செய்யவங்க இல்ல, நம்மள மாதிரி முற்றத்துல நின்னு எண்ணினவங்கதான். மயிலும் குயிலும் பெருகிட்டு வருதுன்னு அந்த அறிக்கைல சொல்ல முடிஞ்சதுக்குக் காரணமே, "இன்னைக்கு மயில் 2"ன்னு சலிக்காம எழுதினவங்க இருந்ததுதான். அரிய பறவைய மட்டும் எழுதிட்டு காக்காவ விட்டுட்டா, நாளைக்கு காக்கா குறைஞ்சாலும் யாருக்கும் தெரியாது.

தப்பா எழுதிருவமோன்னு பயம் இருந்தா இதக் கேளுங்க. நான் சேந்த புதுசுல, முதுகு கருஞ்சிவப்பா தலைல நீளத் தூவலோட ஒரு கொக்கப் பாத்து, புதுப் பறவை கண்டேன்னு போட்டேன். ஒரு டீச்சர் பொறுமையா சொன்னாவ, "அது நம்ம மடையான்தான் மக்களே, இனப்பெருக்க காலத்துல இப்படி உடுப்பு மாத்தும், மத்த நாளு மண்ணு நிறத்துல இருக்கும்"னு. யாரும் சிரிக்கல. அன்னைக்குப் படிச்சது இன்னும் மறக்கல.

நாளைக்குக் காலைல நாலே நாலு விஷயம் போடுங்க. எந்த இடம், எத்தன மணி, என்ன பறவை, எத்தன எண்ணம். ஐப்பசி பொறந்த பெறகு விடியக்காலைலயும் அந்திலயும் ஆறு மணிய ஒட்டி மரத்தடில ரெட்டை விசில் கேட்டுதுன்னா கண்டிப்பா எழுதுங்க. அது ஆறுமணிக் குருவி, வடக்க இமயமலை அடிவாரம் வரைக்கும் பரந்து கூடு கட்டிட்டு, குளிர்காலத்துக்கு இஞ்ச தெற்க வாறது. சருகு கிடக்குற விளைதான் அதுக்குப் புடிக்கும், அது தக்கலைல எத்தனையோ வீட்டுல இருக்கு.

காலைல எந்திச்சதும் போனக் கையில எடுத்துருதேன்னு வீட்டுக்காரர் சத்தம் போடுதாரு. இது பறவை பாக்குறதா, வெட்டிப் பேச்சான்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?
வாசகி, குழித்துறை

அவரு சொல்லதுல பாதி நியாயம் இருக்கு தங்கச்சி. போனப் பாத்துட்டு வெளிய போனா பறவை போயிரும், வெளிய போயிட்டு வந்து போன எடுத்தா ரெண்டும் கிடைக்கும். நானும் இந்த முறைக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. கதவத் திறந்து கால் மணி நேரம் முற்றத்துல நிக்கது, பழைய நோட்டுல பென்சிலால எழுதிக்கிறது, பெறகு சாயா போட்டுட்டு மெசேஜ் போடுறது. குண்டுகரிச்சான் வெளிச்சம் முழுசா வாறதுக்கு முன்னாலயே பாட ஆரம்பிச்சுரும், அத போனு வெளிச்சத்துல உக்காந்து கேக்க முடியாது.

ஆனா வெட்டிப் பேச்சுன்னு சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். கல்யாணம் முடிஞ்சு வேற ஊருக்கு வந்த நிறைய பொம்பளைங்களுக்கு, வீட்டு விஷயம் தவிர வேற ஒண்ணப் பத்தி நாலு பேர்ட்ட பேச நாளுக்கு அந்த அரை மணிதான் கிடைக்குது. அத விட்டுக் குடுக்காதீங்க. ஒரு நாளு அவரயும் சாயா கிளாசோட வெளிய கூட்டிட்டு வாங்க, இரட்டைவால் கரிச்சான் பருந்தத் துரத்துறத ஒரு தடவ பாத்தாருன்னா மறுநாள் அவரே கேப்பாரு.

எனக்கு 71 வயசு. தினமும் குரூப்புல பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புவேன். அட்மின் எல்லாரும் பாக்க, இனி அனுப்பக் கூடாதுன்னு போட்டுட்டாரு. ரொம்ப மனசு நொந்து போச்சு.
வாசகர், இரணியல்

ஐயா, அட்மின் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம் தப்பு. வயசுல மூத்தவங்கள்ட்ட தனியா ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கணும், அத நான் அவருக்கும் சேத்துத்தான் இஞ்ச எழுதுதேன். இருபது பேரு இருபது படம் போட்டா "நத்தைகுத்தி நாரை 6"ன்னு ஒருத்தர் எழுதினது மேல ஏறிப் போயிரும், பெறகு தேடி எடுக்க முடியாது, அதுக்காகத்தான் எல்லா குரூப்புலயும் இந்த விதி.

எங்க குரூப்புலயும் உங்க வயசுல ஒரு பெரியவரு இருக்காரு. அவர்ட்ட, ஐயா அந்தப் பூப்படத்துக்குப் பதிலா உங்க வீட்டுல பூத்தத அனுப்புங்களேன்னு கேட்டோம். கிணத்தடி முருங்கை பூத்திருக்குன்னு படம் போட்டாரு, பெரிசாக்கிப் பாத்தா ஓரத்துல ஊதாப்பிட்டு தேன்சிட்டு ஒண்ணு தொங்குது. இப்பம் தினமும் அந்த முருங்கைக்கு யாரு வந்தான்னு அவரு எழுதலன்னா எங்களுக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காது. உங்க காலை வணக்கமும் அப்படி வரட்டும், யாரு தடுக்க?

கல்லூரில படிக்கேன். குரூப்புல பேசுறதக் கேட்டு நேர்ல போய்ப் பாக்க ஆசையா இருக்கு. முதல் தடவ எங்க போகலாம்? பைனாகுலர் கண்டிப்பா வேணுமா?
வாசகர், மார்த்தாண்டம்

சுசீந்திரம் குளத்துக்குப் போங்க தம்பி. நாகர்கோவில் வந்து கன்னியாகுமரி பஸ் ஏறினா போதும், ரோட்டோரமே குளம். பக்கத்துல கவிமணி பொறந்த தேரூர்ல இன்னொரு குளம். இந்த ரெண்டும் சேந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும், தனியா வேம்பனூர் ஈரநிலமும் 2022ல ராம்சர் பட்டியல்ல வந்துது, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு ஒத்துக்கிட்டாவ. மாவட்டத்துக்காரங்க நிறைய பேருக்கே இது தெரியாதுங்கது எனக்கு வருத்தந்தான்.

ஐப்பசில இருந்து மாசி வரைக்கும் நல்ல காலம், வெளிநாட்டுல இருந்தும் வடக்க இருந்தும் வாற பறவையெல்லாம் அப்பந்தான் இருக்கும். ஆறரைக்கெல்லாம் அங்க நிக்கணும். சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால இருக்குற மாதிரி கரையத் தேடி நில்லுங்க, இல்லன்னா எல்லாமே கறுப்பு உருவமாத்தான் தெரியும். தாமரை இலை மேல நீள விரல வச்சு நடக்குற இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு கூழைக்கடா, றெக்கைய விரிச்சுக் காயப் போடுற நீர்க்காகம், இதெல்லாம் பைனாகுலர் இல்லாமலே அடையாளம் தெரியும். அடுத்த வாரம் புத்தளம் உப்பளம், பெறகு பழையாறு கடல்ல சேருற மணக்குடி காயல். உப்பளத்துல சிவப்புக் கால நீட்டி நீட்டி நடக்குற பவளக்கால் உள்ளானப் பாத்துட்டு என்கிட்ட சொல்லணும்.

பைனாகுலர் மூணு மாசம் கழிச்சு வாங்கினாப் போதும். வாங்கும்போது 8க்கு 42ன்னு கேளுங்க, 8 மடங்கு பெரிசாக் காட்டும், 42ங்கது முன் கண்ணாடியோட விட்டம் மில்லிமீட்டர்ல, விடியக்காலை மங்கல்லயும் வெளிச்சம் போதுமானதா இருக்கும். இருபது மடங்குன்னு விளம்பரம் பாத்து வாங்கிராதீங்க, கை நடுக்கத்துல ஒண்ணும் நிக்காது. அதுவரைக்கும் குரூப்புல யாராவது போற நாளு கூடப் போங்க, அவங்களே கழட்டித் தருவாவ.

ஒருத்தர் செம்போத்துங்காரு, ஒருத்தர் உப்பங்காரு, ஒருத்தர் ஆங்கிலப் பேரு சொல்லுதாரு. காலைல இதுலயே சண்ட வந்துருது. எந்தப் பேரு சரி?
வாசகர், அருமனை

மூணும் ஒரே பறவைதான், மூணும் சரிதான். உப்பன்ங்கது மலையாளப் பேரு. குண்டுகரிச்சான மண்ணாத்திப்புள்ளுன்னும், இரட்டைவால் கரிச்சான ஆனறாஞ்சின்னும் மலையாளத்துல சொல்லுவாவ. முதல்ல திருவிதாங்கூர்லயும், பெறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர் கொச்சிலயும் இருந்த மாவட்டம் இது, ரெண்டு மொழியும் ஒரே வேலிக்குள்ள வளந்தது, பேரு மட்டும் ஒண்ணா இருக்கும்னு எதிர்பாக்க முடியுமா? பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி 1933ல திருவிதாங்கூர்ப் பறவைகளக் கணக்கெடுத்த மண்ணு இது. பதிவு போடும்போது எல்லாருக்கும் பொதுவான பேரு ஒண்ணு எழுதுங்க, பக்கத்துலயே உங்க வீட்டுல பாட்டி சொன்ன பேரையும் சேத்து எழுதுங்க. அந்தப் பாட்டி பேருங்க எந்தப் புத்தகத்துலயும் முழுசா இல்ல, அதச் சேக்குற ஒரே இடம் இந்தக் காலைப் பேச்சுதான்னு நான் நம்புறேன்.

தையல்சிட்டு கூட்டுல குஞ்சு பொரிச்சிருக்கு. இடத்தோட படம் போடலாமா?
வாசகி, குலசேகரம்

வேண்டாம். குஞ்சு பறந்து போன பெறகு எழுதுங்க. நாம அடிக்கடி பக்கத்துல போனா தாய் வாறது குறையும், காக்காவும் நம்மளப் பாத்துக் கூட்டக் கண்டுபிடிச்சுரும். குஞ்சையோ முட்டையயோ எடுத்துட்டுப் போறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அத சின்னப் பிள்ளைகள்ட்டயும் சொல்லிக் குடுங்க.

மெர்லின் ஆப் குரலக் கேட்டே பேரு சொல்லுது. அத அப்படியே எழுதலாமா?
வாசகர், ஆரல்வாய்மொழி

அது சொன்னத வச்சுத் தேடுங்க, கண்ணால கண்ட பெறகு எழுதுங்க. காணலன்னா "குரல் மட்டும்"னு எழுதினாப் போதும்.

பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்புன்னு குரூப்புல பேசுதாவ. ஒண்ணும் தெரியாதவங்களும் சேரலாமா?
வாசகி, திங்கள்நகர்

தாராளமா. 2015ல இருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நாலு நாளு தமிழ்நாடு முழுக்க நடக்குது. ஒரே இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, கண்டதும் கேட்டதும் எல்லாத்தயும் எண்ணி ஈபேர்டுல போடணும், அவ்வளவுதான். தெரியாத பறவைய விட்டுருங்க, படம் இருந்தா குரூப்புல கேளுங்க. குளத்துக்குப் போக முடியலன்னா கோலம் போட்டு முடிச்சுட்டு முற்றத்துலயே நில்லுங்க, பொங்கப் பானைக்குப் பக்கத்துல வந்து உக்காருற காக்காவையும் சேத்து எண்ணுங்க.