முற்றத்துப் பறவைகள்: கேள்வி – பதில்

கேள்வி: பின்கட்டுக் கொடிக்கம்பியில் ஏதோ குப்பை தொங்குகிறதே என்று ஒட்டடைக்குச்சியை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளேயிருந்து வளைந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது! வயிறு மஞ்சளாக இருக்கும் சின்னக் குருவி. கூட்டை மெதுவாக அவிழ்த்துப் பக்கத்து மரத்தில் கட்டிவிடலாமா? எத்தனை நாள்தான் துணி காயப்போடாமல் இருப்பது? – வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் வேலையாக ஒட்டடைக்குச்சியை உள்ளே கொண்டுபோய் வையுங்கள். வந்திருப்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பெயர்தான் நீளம், ஆள் மூக்கிலிருந்து வால்வரை 10 சென்டிமீட்டர்தான். நீங்கள் பார்த்தது பெண். ஆணுக்கு முதுகு அரக்குச் சிவப்பு, தோளில் பச்சை மினுக்கம்.

குப்பை என்று நினைத்ததில் தப்பே இல்லை. பார்க்கிறவர்கள் அப்படி நினைக்கவேண்டும் என்றுதான் மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த சருகு, புழுவின் எச்சம் வரை வெளியே ஒட்டிவைத்திருக்கிறாள். இவற்றையெல்லாம் பிடித்து நிறுத்துவது சிலந்தி நூல். எங்கள் வீட்டுக் காலிங்பெல் ஒயரில் ஒருத்தி கூடு கட்டினாள். ஜன்னல் கம்பி மூலையிலிருந்து நூலாம்படையை அலகில் சுருட்டி எடுத்து வருவாள், இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டுவாள், அப்புறம் உள்ளே புகுந்து நெஞ்சால் முட்டி முட்டிச் சுற்றுவாள். பை உப்பிக்கொண்டே வரும். வாசலுக்கு மேலே மழைக்கு ஒரு சின்னத் தாழ்வாரம் வேறு. வீட்டுக்காரர் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். குஞ்சு பொரித்த பிறகு அவரும் இரை கொண்டுவந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றிக் கட்டும் யோசனை வேண்டாம். இடம் மாறினால் தாய் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பெரும்பாலும் 2 முட்டை. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் அடுத்த கோடியில் துணியைப் போடுங்கள், ஆளைப் பழகிவிடுவாள். ஈரப் போர்வையைப் போட்டுக் கம்பியை ஆட்டாமல் இருந்தால் சரி. ஒட்டடை அடிப்பதற்கும் அந்த ஒரு மாதம் லீவு!

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் ஹம்மிங்பேர்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். இங்கே வரும் தேன்சிட்டும் அதே இனம்தானே, நானும் வைக்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: இனமே வேறு. ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே கிடையாது. அது அந்தரத்தில் நின்றே குடிக்கும். நம்முடையது எப்போதாவது அப்படி நின்றாலும், பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் குடிக்கும். அலகு எட்டாத நீளப் பூவாக இருந்தால் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடவும் தெரியும். சர்க்கரைத் தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், எறும்பு வேறு மொய்க்கும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வையுங்கள். குஞ்சுக்குத் தேவை தேனை விடச் சிலந்தியும் புழுவும்தான். அதனால் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் மருந்தடிக்காமல், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் ஒரு தேன்சிட்டு என் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. பைத்தியமா அதற்கு? – வாசகர், மதுரை

பதில்: அதன் கணக்கில் நீங்கள்தான் அதன் இடத்துக்குள் இன்னொரு ஆண் சிட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்! இனப்பெருக்கக் காலத்தில் எல்லைக்காவல் கடுமையாக இருக்கும். விரட்ட விரட்ட எதிரி போகவில்லையே என்று தவித்து வீணாகக் களைத்துப்போகும். வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிக்கும் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் மாட்டினால் அடுத்ததற்குப் போய்விடும்.